ஊர் வரலாற்றுக்கு ஒரு கல் நடுவது எப்படி?

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் 155ஆம் கட்டை, அதாவது 155ஆம் மைல்கல், என்றொரு இடம் இருக்கிறது. மைல் கணக்குப் போய் கிலோமீற்றர் வந்து எவ்வளவோ காலம். ஆனாலும் சனம் அந்தக் கட்டையின் பெயரைச் சொல்லித்தான் பஸ்ஸில் இறங்குகிறது. உங்கள் ஊரின் குளக்கட்டு, பழைய சந்தை, வண்டிப் பாதை ஆகியவற்றின் கதையும் இப்படி வீதியோரம் நிலைக்கலாம்.

1. இடம்

முதலில் ஒரே ஓர் இடம் போதும். வருபவர் கண்ணால் காண ஏதாவது மிச்சமிருக்க வேண்டும்: துருசு (குளத்து மதகு), வான் (குளம் நிறைந்தால் தண்ணி வழியும் இடம்), கிணறு, ஒரு முதிய மருதமரம். மிதிவெடி அகற்றப்பட்டதென்று உறுதியாகத் தெரியாத காட்டுக்குள் இதற்காகக் கால் வைக்கவே வேண்டாம். பழைய செங்கல்லோ எழுத்துள்ள கல்லோ தென்பட்டால் தொடாமல் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

2. கேட்பது

ஊரின் அப்புமாரிடமும் ஆச்சிமாரிடமும் போங்கள். "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "இந்தத் துருசால் யாருடைய வயலுக்குத் தண்ணி போனது?" என்று கேளுங்கள், கதை தானாக விரியும். முடிந்தால் அவர்களை அந்த இடத்துக்கே கூட்டிப் போங்கள். பழைய காணிப் பெர்மிட், கோயில் கணக்குக் கொப்பி, நில அளவை வரைபடம் ஆகியவற்றோடு ஆண்டுகளை ஒப்பிடுங்கள். இடம்பெயர்வுகளில் பல வீடுகளின் காகிதங்கள் போய்விட்டன. அதனால் இருவேறு குடும்பங்கள் தனித்தனியே சொல்லும் ஒரே செய்திக்கு மதிப்பு அதிகம்.

3. எழுதுவது

அதிக நேரம் இதற்குத்தான் வேண்டும். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதன் செய்தி. அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டை பண்டாரவன்னியனிடம் விழுந்தது அதில் இல்லை. நட்டவர் தமக்கு வேண்டியதை மட்டும் எழுதினார்.

நாமும் அதைச் செய்துவிடக் கூடாது. பல ஊர்களில் பரம்பரையாக இருப்பவர்களும் உண்டு, 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர்களும் உண்டு. இரு தரப்பும் இல்லாத வாசகம் அரைவாசி வரலாறுதான். வரைவை வாசிகசாலையில் ஒட்டி, எல்லோரும் திருத்தட்டும். முப்பது சொல்லுக்குள் முடியுங்கள். உறுதியான ஆண்டு கிடைக்காவிட்டால் ஆண்டே வேண்டாம். "வீரம் செறிந்த", "புகழ்பூத்த" போன்றவற்றையும் வெட்டிவிடுங்கள்.

4. அனுமதி

ஏ தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, உள்வீதி என்றால் பிரதேச சபை. குளமென்றால் பெரியது நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் சிறியது கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் இருக்கும். யாருடையது என்று குழம்பினால் கிராம சேவையாளரிடம் கேளுங்கள். குளக்கட்டில் மட்டும் குழி தோண்ட வேண்டாம், கட்டு பலவீனப்படும். அடிவாரத்துக்கு அப்பால் தள்ளி நடுங்கள்.

5. செய்வதும் நடுவதும்

மரப்பலகையைக் கறையான் விடாது. நான்கு அடி கொங்கிறீற் கட்டை நல்லது: ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி, உள்ளே கம்பி. அச்சைக் கழற்றிய பின் ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள். எழுத்தைக் கருங்கல் பலகையில் வெட்டி முகப்பில் பதியுங்கள். பெயர் இரண்டு அங்குலம், மற்றவை ஓர் அங்குலம். ஒன்றரை அடி மண்ணுக்குள் போகட்டும். யானை வந்து உரசும் பாதையில் உயரக் கட்டையை விட, முழங்கால் உயரச் சாய்வுப் பீடம் பாதுகாப்பு.

6. பராமரிப்பு

மாரி முடிந்து தை, மாசியில் பற்றை வெட்டி, கல்லைத் தண்ணீரால் மட்டும் கழுவி, வெட்டெழுத்துக்குள் கறுப்பு எனாமல் பூசுங்கள். வாசகத்தின் ஒரு பிரதியும் சொன்னவர்களின் ஒலிப்பதிவும் ஊர்ப் பாடசாலை நூலகத்தில் இருக்கட்டும்.