எரு மேட்டில் தழைச்சத்தைத் தக்கவைக்க

எரு மேட்டருகே போனதும் கண் எரிகிறதா? உங்கள் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அம்மோனியா வாயுவாகக் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் தொழுவத்தில் நான்கு மாடுகள். பல ஆண்டுகள் கோமியத்தை வாய்க்காலில் ஓடவிட்டேன். இன்று நினைத்தாலும் மனம் பதைக்கிறது. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி கோமியத்தில்தான், பெரும்பாலும் யூரியாவாக இருக்கிறது. சாணம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை விரைவிலேயே அம்மோனியாவாக்கிவிடும்.

ஆகவே கட்டுத்தறியில் வைக்கோல் கூளத்தைப் பரப்புங்கள். கோமியத்தை அது குடிக்கட்டும். காலையில் அதையும் சாணத்தையும் மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் (கூளத்தில் நிறைய இருக்கும் கார்பன்) இருந்தால், நுண்ணுயிர்கள் அம்மோனியாவைத் தம் உடலில் சேர்த்துக்கொள்ளும். கோழி எரு கலந்தால் கூளத்தை இன்னும் கூட்டுங்கள். சாம்பலும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம். காரத்தன்மை ஏறினால் அம்மோனியா பறந்துவிடும்.

மேடு 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும்போது அடிக்கடி கிளறாதீர்கள். சூடு தணியத் தொடங்கியதும் புரட்டினால் போதும். 40 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே தழைச்சத்தின் இன்னொரு வடிவமான நைட்ரேட் சேரத் தொடங்கும். அது மழைநீரில் கரைந்து ஓடிவிடும் என்பதால், ஐப்பசிக்கு முன்பே மேட்டின்மேல் கீற்று வேய்ந்துவிடுங்கள்.