கேசட்டை டிஜிட்டலாக்க: முதலில் டெக், அப்புறம்தான் கார்டு

பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற எந்த கேப்சர் கார்டு (வீடியோவைக் கணினியில் பதிய உதவும் கருவி) வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், "டெக் எது வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். டெக் என்றால் கேசட்டை ஓட்டும் கருவி. டேப்பிலிருந்து படம் ஒழுங்காக வெளியே வராவிட்டால் எந்த கார்டும் அதைச் சரிசெய்யாது. கையில் இருக்கும் காசில் பெரும்பங்கு டெக்குக்குப் போகட்டும்.

வி.எச்.எஸ். (வழக்கமான பெரிய வீடியோ கேசட்) டெக் தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டது. கடைசிவரை தயாரித்தது ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம். ஆகவே பழையதுதான் கிடைக்கும். அதில், வி.எச்.எஸ்.ஸின் மேம்பட்ட வகையான எஸ்-வி.எச்.எஸ். டெக்காகத் தேடுங்கள். சாதாரண வி.எச்.எஸ். கேசட்டும் அதில் ஓடும். டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகவே பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் முனை கொண்ட வழக்கமான வீடியோ வயர் அவற்றை ஒன்றாகக் கலந்து அனுப்பும். கார்டு அதை மறுபடி பிரிக்கும்போது விளிம்புகளில் புள்ளிகள் ஊரும். எஸ்-வி.எச்.எஸ். டெக்கில் செருகும் எஸ்-வீடியோ வயர் இரண்டையும் தனித்தனியாகவே அனுப்புவதால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, டெக்குக்குள் டி.பி.சி. (படத்தின் வரிகளை நேரம் பிசகாமல் ஒழுங்குபடுத்தும் பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். டேப் கொஞ்சம் இழுபட்டிருந்தாலும் ஒவ்வொரு வரியும் முன்னே பின்னே தள்ளித் தொடங்கும்; கதவுச் சட்டம் பாம்பாக நெளியும். டி.பி.சி. அந்த வரிகளை நேராக்கித் தரும். ஜே.வி.சி., பானாசோனிக் ஆகியவற்றின் உயர்ரக எஸ்-வி.எச்.எஸ். மாடல்கள் சிலவற்றில் இது உண்டு. கிடைக்கவில்லையா? பானாசோனிக் இ.எஸ்.10 போன்ற பழைய டி.வி.டி. ரெக்கார்டரை டெக்குக்கும் கார்டுக்கும் நடுவே இணைத்தால் நெளிவு பெருமளவு அடங்கும். வாங்கும்போது, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டைக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்.

ஹை8 (கேம்கார்டரில் போடும் சிறிய கேசட்) என்றால் கேம்கார்டரே டெக். அதே அளவு கேசட்டில் டிஜிட்டலாகப் பதியும் டிஜிட்டல்8 கேம்கார்டர்கள் சில, ஹை8 கேசட்டையும் ஓட்டி, ஃபயர்வயர் (கேமராவைக் கணினியுடன் இணைக்கும் ஒரு வயர்) வழியாக டிஜிட்டலாகவே கொடுத்துவிடும். மினிடிவி என்ற சிறிய கேம்கார்டர் கேசட் ஏற்கெனவே டிஜிட்டல். அதற்கு ஃபயர்வயர் போதும், கேப்சர் கார்டு வேண்டாம்.

சரி, கார்டு. எஸ்-வீடியோ உள்ளீடு, உங்கள் கணினிக்கு ஒத்துப்போகும் டிரைவர், பால் (இந்தியா போன்ற நாடுகளின் வீடியோ முறை) என்றால் 720x576, என்.டி.எஸ்.சி. (அமெரிக்கா, ஜப்பானின் முறை) என்றால் 720x480 அளவில் இன்டர்லேஸ் (ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறிமாறிக் காட்டும் முறை) கலையாமல் பதிவு: இவை இருந்தால் போதும். எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றி 1080-ஆகப் பெரிதாக்கும் மலிவுப் பெட்டிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. இல்லாத விவரத்தை அவை கொண்டுவராது, படத்தின் அசைவோட்டத்தையும் கெடுத்துவிடும். பென் டிரைவில் நேரே எம்.பி.4 பதிபவையும் வேண்டாம், அதிகம் சுருக்கிவிடுகின்றன.

ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளமாக வேண்டும். மினிடிவி கேசட்டில் உள்ள டிஜிட்டல் வடிவத்துக்கு (DV) ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் 13 ஜி.பி.; ஹஃப்ஒய்.யு.வி. போன்ற இழப்பில்லாத வடிவத்துக்கு அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு.

கேசட்டின் கண்ணாடி வழியே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். அது டெக்கின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பகுதி) ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும். மற்றவற்றில் ஒன்றை எடுத்து ஒரு மணி நேரம் பதிவுசெய்து கடைசி நிமிடத்தைப் பாருங்கள். உதடசைவும் பேச்சும் விலகியிருந்தால் நடுவில் ஃபிரேம்கள் விழுந்திருக்கலாம், அதாவது பதிவாகாமல் விடுபட்டிருக்கலாம். விர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில் பதிவுசெய்தால் எத்தனை விழுந்தன என்ற கணக்கு அங்கேயே தெரியும்.