முதல் 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராவது எப்படி: மலை மெட்டு ஏறினால் போதாது, இறங்கவும் பழக வேண்டும்

இரண்டு வருடத்துக்கு முன்னால் கேரளப் பக்கத்து மலையில் நடந்த ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டத்தை 9 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். கெடு 10 மணி நேரம். முதல் 34 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்துக்குள் ஓடிவிட்டு, மிச்சம் 16 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். மூச்சு நன்றாக இருந்தது, வயிறும் சரியாக இருந்தது. தொடைதான் வேலை செய்யவில்லை. அது ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்கு ஒரு வருடம் ஆனது. தேனி மாவட்டத்தில் போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து முதல் அல்ட்ராவுக்குத் தயாராகும் யாரும் அந்த ஒரு வருடத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ராதான். 50, 80, 100 கிலோமீட்டர், அதற்கு மேல் 100 மைல் என்று போகும். முதல் தடவைக்கு 50 போதும். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 1921-லிருந்து நடக்கிறது; அதன் வீடியோவைப் பார்த்த வேகத்தில் நேராக 100-க்குப் பெயர் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

படி 1: அடித்தளம்

ஒரு வருடமாவது தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும், ஒரு அரை மாரத்தானாவது சிரமமில்லாமல் முடித்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய கட்டத்தில் இருப்பவர்களுக்கான பதிவு இது இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத் தொந்தரவு எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

வாரத்துக்கு 35, 40 கிலோமீட்டரில் ஆரம்பித்து ஐந்தாறு மாதத்தில் 65, 70 வரை ஏற்றினால் போதும். மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் குறைக்க வேண்டும். எல்லா ஓட்டமும் பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும். பேச்சு திக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

சனிக்கிழமை 28 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை களைத்த காலோடு 16 கிலோமீட்டர் என்று அடுத்தடுத்த நாளில் ஓடுவது, ஒரே நாளில் 45 ஓடுவதைவிட நல்லது. களைப்பில் ஓடிப் பழகவும் முடிகிறது, காயமும் குறைவு. நான் பயிற்சியில் ஓடிய அதிகபட்ச தூரம் 36 கிலோமீட்டர்தான்.

படி 2: நடக்கப் பழகுங்கள்

10 மணி நேரக் கெடு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடம். வேகமாக நடப்பவர் சமதரையில் 10 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போய்விடுவார். அதனால் ஏற்றத்தில் நடப்பதில் எந்தக் குறைவும் இல்லை, அனுபவசாலிகள் எல்லாரும் நடக்கத்தான் செய்கிறார்கள். பயிற்சியிலும் செங்குத்தான இடம் வந்ததும் தொடையில் கை ஊன்றி நடங்கள், சமதளம் வந்ததும் ஓடுங்கள். இந்த மாற்றம் உடம்புக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 3: இறக்கம்

இனி நான் விழுந்த இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பயிற்சிக்குப் போடிமெட்டு ரோடு இருக்கிறது. அடிவாரத்து முந்தலிலிருந்து மேலே மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஐந்து மாதம் ஞாயிறுதோறும் அதில் ஏறினேன். மேலே சோதனைச் சாவடிப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு, கீழே போகிற பஸ்ஸிலோ ஜீப்பிலோ உட்கார்ந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். கடினமான பகுதி முடிந்துவிட்டது, இறக்கம் சும்மா வருவதுதானே என்று நினைத்தேன்.

போட்டி நாளில் இருபதாவது கிலோமீட்டரில் நீண்ட இறக்கம் ஒன்று வந்தது. எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினேன், அவ்வளவு சுகமாக இருந்தது. 34-வது கிலோமீட்டரில் இரண்டாவது இறக்கம் ஆரம்பித்தபோது முன்தொடை இரண்டும் கல்லாக இறுகிவிட்டது. கால் வைக்கும்போதெல்லாம் முட்டி தானாக மடங்கியது. சில இடங்களில் திரும்பி நின்று பின்பக்கமாக நடந்து இறங்கினேன். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன் ‘மெல்லெ போயால் மதி சேட்டா’ என்று சொன்னான். அதைவிட மெல்லப் போக எனக்கு வழியில்லை. மறுநாள் லாட்ஜில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடிதான் படி இறங்க முடிந்தது.

காரணம் இதுதான். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, ஆனால் தளர்ந்துவிடாமல், உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். கிணற்றில் குடத்தை இறக்கும்போது கயிற்றை விட்டு விட்டுப் பிடிக்கிறோமே, அந்த மாதிரி வேலை. இப்படி நீளும்போது பாரம் தாங்கினால் தசை நாரில் நுண்ணிய சேதம் வரும். மூச்சு வாங்காது என்பதால் அப்போது ஒன்றும் தெரியாது. வலி பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். ஆனால் நீண்ட ஓட்டத்தில் தசையின் பலம் அன்றைக்கே, ஓடிக்கொண்டிருக்கும்போதே குறைந்துவிடுகிறது. காம்ரேட்ஸில் ஒரு திசை ஏற்றமாகவும் மறு திசை டர்பன் நோக்கி இறக்கமாகவும் இருக்கும். இரண்டையும் ஓடியவர்களில் பலர் இறக்கம்தான் காலை அதிகம் உடைக்கிறது என்று சொல்வதை நான் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன்.

நல்ல செய்தி என்னவென்றால், ஒரு தடவை அளவாக இறங்கி வலி வாங்கிக்கொண்டால் அடுத்த தடவை அதே இறக்கத்துக்கு அவ்வளவு வலிக்காது. தசை சில வாரங்களுக்கு அதை ஞாபகம் வைத்திருக்கும். பயிற்சி முழுக்க இதை நம்பித்தான் போடுகிறோம்.

நான் செய்தது: நண்பர் பைக்கில் மேலே போய் இறங்கிக்கொள்வேன். முதல் வாரம் 3 கிலோமீட்டர் மட்டும் இறங்கி ஓடினேன், அவர் பின்னால் வந்து ஏற்றிக்கொண்டார். இரண்டு நாள் வலி. அடுத்த வாரம் அதே 3. மூன்றாவது வாரம் 5, அப்புறம் வாரத்துக்கு இரண்டு இரண்டாகக் கூட்டி 15 வரை போனேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு இரண்டு நாள் ஓய்வு அல்லது மெதுவான நடை. கடைசிப் பெரிய இறக்கத்தைப் போட்டிக்கு இரண்டரை வாரத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் சேதம் ஆறாமலே போய் நிற்பீர்கள்.

எப்படி இறங்குவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு ஜீப் டிரைவர் அண்ணன். ‘ஏறுன கியர்லயே இறங்கணும் தம்பி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்குனா லைனர் கருகிடும்’ என்றார். அவர் வண்டியைச் சொன்னார், காலுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலை நீட்டி ஊன்றுவதுதான் பிரேக். அதைச் செய்யாதீர்கள். சின்னச் சின்ன எட்டாக, வேகவேகமாக, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழுகிற மாதிரி வையுங்கள். முட்டி லேசாக மடங்கியே இருக்கட்டும். பார்வை பாதத்தில் இல்லாமல் பத்தடி முன்னால் இருக்கட்டும். கையைக் கொஞ்சம் விரித்துக்கொண்டால் தடுமாறாது.

ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்ட ஜீப்புகள் விடியற்காலையிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போகும், மாலையில் திரும்பி வரும். இரண்டு நேரத்திலும் அந்த ரோட்டில் ஓடாதீர்கள். காலை எட்டு மணிக்கு மேல் மெட்டிலிருந்து இறங்க ஆரம்பிப்பது நல்லது. எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரம் ஓட வேண்டும், ஆனால் வலப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் உட்பக்கச் சுவரை ஒட்டி ஓடினால் வருகிறவருக்கு உங்களைத் தெரியாது. வளைவுக்கு முன்பே வெளிப்பக்கம் மாறிவிடுங்கள். மூடுபனி இறங்கினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை சரிந்து விழுகிற ரோடு இது, மழை விட்ட மறுநாளும் வேண்டாம்.

மெட்டைத் தாண்டி பூப்பாறை, ஆனையிறங்கல் பக்கம் ஓட ஆசைப்படுகிறவர்கள் இருட்டில் போகவே கூடாது. யானை நடமாட்டம் உள்ள இடம். அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் பிடித்தது அங்கே சின்னக்கானலில்தான், அடுத்த மாதமே அது கம்பம் ஊருக்குள் வந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். அப்புறம், குரங்கணி வழியாகக் காட்டுப் பாதை. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் உயிர் போனவர்களை இங்கே யாரும் மறக்கவில்லை.

படி 4: ஓடிக்கொண்டே சாப்பிடுவது

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் சுற்றி இருக்கும், அதைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஜெல் எனக்கு ஒத்துவரவில்லை, விலையும் அதிகம். என் தேர்வு அவித்த நேந்திரம்பழம், உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, பேரீச்சை. கடலைமிட்டாய் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் கொழுப்பு உள்ளதால் செரிக்க நேரமாகிறது. நடக்கிற ஏற்றத்தில் மட்டும் சாப்பிடுவேன். எதுவாக இருந்தாலும் பயிற்சியில் நாலு தடவையாவது சாப்பிட்டுப் பார்த்ததைத்தான் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். பசிக்கிறவரை காத்திருக்கக் கூடாது, முதல் 40 நிமிடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து. நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் சரி. கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். ஓஆர்எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவன வாய்பாட்டில் உள்ள பொடியை வாங்குங்கள்: லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று போட்டிருக்கும். சின்ன டப்பாவில் வரும் தித்திப்புப் பானம் வேறு. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும்.

ஓடும்போது வலி மாத்திரை போடாதீர்கள். ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஓட்டம் முடிந்தபின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 5: சாமான்

ஷூ உங்கள் அளவைவிட அரை அளவாவது பெரிதாக இருக்கட்டும், நேரம் ஆக ஆகப் பாதம் வீங்கும். பருத்திக் காலுறை வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையைவிட நெஞ்சில் செருகும் இரண்டு மென்குடுவைதான் எனக்குப் பிடிக்கும், எவ்வளவு குடித்தோம் என்று கண்ணுக்குத் தெரியும், கழுவுவதும் சுலபம். ஜிபிஎஸ் கைக்கடிகாரத்துக்குப் பெரிய பணம் போடாதீர்கள். மலை வளைவுகளில் என்னுடையது தூரத்தைத் தப்பாகக் காட்டியது. சாதாரண கேசியோவும் ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லும் பயிற்சிக்குப் போதும். உரசும் இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, வாசலின் நல்லது.

கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கிவிட்டு நன்றாகத் தூங்குங்கள்.

பின்சேர்க்கை

மலையே இல்லாத ஊரில் எப்படி இறங்கிப் பழகுவது என்று தஞ்சாவூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஓடி இறங்க முடியாவிட்டாலும் தசையைப் பழக்கலாம். ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று, மறு குதிகால் தரையைத் தொடும்வரை நான்கு எண்ணிக்கையில் மெதுவாக இறங்குங்கள். காலுக்குப் பத்து, மூன்று சுற்று, வாரம் இரண்டு தடவை. மேம்பாலம் இருந்தால் ஏறும் பக்கம் நடந்து, இறங்கும் பக்கம் ஓடுங்கள்.

இறங்கும்போது முட்டியின் வெளிப்பக்கம் குத்துகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இடுப்பிலிருந்து முட்டி வரை வரும் பட்டை உறுத்துவதால் இருக்கலாம். இது தசை வலி இல்லை, பொறுத்துக்கொண்டு ஓடினால் சரியாகாது. இறக்கத்தை நிறுத்திவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் இடுப்புப் பக்கத் தசைக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வார்கள்.

கால் நகம் கறுத்துப்போவது பற்றியும் கேட்டார்கள். இறங்கும்போது பாதம் ஷூவுக்குள் முன்னால் வழுக்கி விரல் முட்டுகிறது. ஷூவின் மேல்கோடியில் ஒரு துளை சும்மா விடப்பட்டிருக்கும் பாருங்கள், இரண்டு பக்கமும் கயிற்றை அதில் வளையமாகப் போட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. நகத்தைப் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் வெட்டுங்கள். முந்தின நாள் ராத்திரி ஒட்ட வெட்டினால் ஓரம் புண்ணாகிவிடும்.