பைத்தான் இட்டரபிள்கள்: துணை ஃபங்ஷன்களைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

பைத்தான் நிரலாக்க மொழியில் ஃபார் லூப் ஏற்றுக்கொள்ளும் லிஸ்ட், டூப்பிள், டிக்‌ஷனரி, ஸ்ட்ரிங், ஜெனரேட்டர் ஆகிய எல்லாமே உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் இட்டரபிள்கள்தாம் என்றாலும், லிஸ்டை எத்தனை முறை வேண்டுமானாலும் முதலிலிருந்து படிக்கலாம். உறுப்புகளைக் கேட்கக் கேட்க உருவாக்கித் தரும் ஜெனரேட்டர் போன்ற இட்டரேட்டர்களோ ஒருமுறை படித்ததும் தீர்ந்துவிடும். துணை ஃபங்ஷன் எதையும் அழைப்பதற்கு முன், கையில் இருப்பது இவ்விரண்டில் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த மதிப்பை இட்டர் ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பாருங்கள்: அதே பொருள் திரும்பி வந்தால் அது இட்டரேட்டர்.

2008இல் வெளிவந்த பைத்தான் 3 முதல் மேப் (ஒவ்வோர் உறுப்பின் மீதும் ஒரு ஃபங்ஷனை இயக்குவது), ஃபில்டர் (வேண்டியவற்றை மட்டும் வடித்தெடுப்பது), ஸிப் (பல இட்டரபிள்களின் உறுப்புகளை ஜோடி சேர்ப்பது) மூன்றும் லிஸ்டுக்குப் பதிலாக இட்டரேட்டரையே தருகின்றன. ஸ்ட்ரிங்குகளாக வந்த எண்களை மேப் கொண்டு முழு எண்களாக்கி, அதன் விளைவை முதலில் மிகப் பெரியதைத் தரும் மேக்ஸுக்கும் அடுத்து எல்லாவற்றையும் கூட்டும் சம்முக்கும் கொடுத்தால், மேக்ஸ் சரியான விடையைத் தரும், சம் பூஜ்யத்தைத் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஒரே தரவை இருமுறை படிக்க வேண்டியிருந்தால் முதலில் லிஸ்டாக மாற்றிக்கொள்ளுங்கள். (ரேஞ்ச் இதற்கு விதிவிலக்கு, எண்களைத் தேவைப்படும்போதுதான் உருவாக்கினாலும் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.)

ஸிப் ஃபங்ஷனில் இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 1, 2, 3, 4 என்று தரும் ஓர் இட்டரேட்டரை இரண்டே உறுப்புகள் கொண்ட லிஸ்டுடன் சேர்த்து, இட்டரேட்டரை முதலாவதாகக் கொடுத்தால், ஸிப் இரண்டு ஜோடிகளைத் தந்தபின் மூன்றாவது ஜோடிக்காக 3 என்ற எண்ணை எடுத்துவிட்டு, லிஸ்ட் தீர்ந்ததைக் கண்டு நின்றுவிடும்; பிறகு அந்த இட்டரேட்டரின் அடுத்த உறுப்பைக் கேட்கும் நெக்ஸ்டை அழைத்தால் 4தான் வரும், 3 எங்கும் கிடைக்காது. நீளங்கள் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்றால், பைத்தான் 3.10இல் சேர்க்கப்பட்ட ஸ்ட்ரிக்ட் என்ற விருப்பத்தை எப்போதும் பயன்படுத்துங்கள். நீளம் மாறுபட்டால் அது வேல்யூஎரர் என்ற பிழையை எழுப்பும்.

இட்டர்டூல்ஸ் மாட்யூலில் உள்ள குரூப்பை அடுத்தடுத்து வரும் ஒத்த உறுப்புகளை மட்டுமே ஒரு குழுவாக்கும். ஆகவே எதன் அடிப்படையில் குழுவாக்குகிறீர்களோ அதே சாவியைக் கொண்டு முன்கூட்டியே வரிசைப்படுத்துங்கள். அடுத்த குழுவுக்கு நகர்ந்தவுடன் முந்தைய குழுவின் உறுப்புகள் கிடைக்காமல் போகும் என்பதால், அவை பின்னர் வேண்டுமானால் உடனே லிஸ்டாக்கி வையுங்கள்.

சொந்தமாக எழுத வேண்டிய தேவையும் வரும். உறுப்புகளைச் சம அளவுத் தொகுதிகளாகப் பிரிக்கும் பேட்ச்டு ஃபங்ஷன் பைத்தான் 3.12இல்தான் வந்தது; அதற்கு முந்தைய பதிப்புகளில் குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்புகளை மட்டும் எடுத்துத் தரும் இட்டர்டூல்ஸின் ஐஸ்லைஸ் கொண்டு நாமே எழுதிக்கொள்ளலாம். முதலில் உள்ளீட்டை ஒரேயொரு முறை இட்டர் மூலம் இட்டரேட்டராக்குங்கள். பிறகு லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஐஸ்லைஸ் கொண்டு வேண்டிய எண்ணிக்கையை எடுத்து டூப்பிளாக்கி, அது காலியாக இருந்தால் வெளியேறி, இல்லையேல் ஈல்டு செய்யுங்கள் (அதாவது, அதை வெளியே தந்துவிட்டு, அடுத்தது கேட்கப்படும்வரை ஃபங்ஷனை நிறுத்திவையுங்கள்). அந்த முதல் படியை விட்டுவிட்டால், ஜெனரேட்டர் கொடுத்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். லிஸ்டைக் கொடுத்தாலோ, ஒவ்வொரு சுற்றிலும் ஐஸ்லைஸ் தொடக்கத்திலிருந்தே எடுப்பதால், முதல் தொகுதியே முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும். ஆகவே இத்தகைய ஃபங்ஷனை லிஸ்ட், ஜெனரேட்டர் இரண்டையும் கொடுத்துச் சோதிப்பது கட்டாயம் என்பேன்.

தொகுதி அளவாகப் பூஜ்யம் வந்தால் முதல் டூப்பிளே காலியாகி, தரவு முழுவதும் சத்தமின்றி விடுபட்டுப்போகும் என்பதால், அளவைச் சரிபார்க்கவும் வேண்டும். ஆனால் ஈல்டு உள்ள ஃபங்ஷனை அழைத்தவுடன் அதன் உள்வரிகள் ஓடுவதில்லை. முதல் உறுப்பைக் கேட்கும்போதுதான் ஓடத் தொடங்கும். எனவே சரிபார்ப்பை வெளி ஃபங்ஷனில் வைத்து, ஈல்டு செய்யும் பகுதியைத் தனி உள் ஃபங்ஷனாக்கி, அதை அழைத்துக் கிடைக்கும் ஜெனரேட்டரை வெளி ஃபங்ஷன் திருப்பித் தருமாறு எழுதுங்கள். தவறான அளவைக் கொடுத்த இடத்திலேயே பிழை வெளிப்படும்.