லிஸ்பனை ஓடாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்கு இரண்டு நாள் போதும், அதற்குள் பக்கத்து ஊரான சிந்த்ராவையும் பார்த்துவிடலாம் என்றுதான் பல சுற்றுலாத் திட்டங்களில் போட்டிருக்கும். முழங்கால் வலியும் சுத்த சைவமுமான அம்மாவோடு போய்வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வாரம் ஒதுக்குங்கள். காலையில் ஒரே ஒரு வேலை, மதியம் நிதானமான சாப்பாடு, மாலையில் ஒரு மேட்டில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பது. இந்த ஊருக்கு அதுதான் பொருத்தம். அப்படி நிதானமாக இருக்க வேண்டுமென்றால் சில காரியங்களை முதலிலேயே சரியாகச் செய்துவிட வேண்டும். அவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஷெங்கன் விசா, விமானச்சீட்டு, காப்பீடு பற்றியெல்லாம் எழுதவில்லை. மே மாதமோ செப்டம்பர் கடைசியோ நல்லது, வெயில் தாங்கும்.

படி 1: சமதளத்தில் அறை எடுங்கள்

படத்தில் அழகாகத் தெரிவது அல்ஃபாமா என்ற பழைய பகுதி. ஆனால் அது முழுக்கப் படிக்கட்டுச் சந்துகள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். பைஷா பகுதியில் தங்குங்கள். 1755 நவம்பர் 1 பூகம்பத்தில் நகரம் இடிந்த பிறகு, பொம்பால் என்ற அமைச்சரின் மேற்பார்வையில் நேர்க்கோட்டுத் தெருக்களாகக் கட்டிய இடம் அது. ஏற்றமே இல்லை, மெட்ரோவும் பக்கம். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அறை வாடகையோடு ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 4 யூரோ நகர வரியும் உண்டு. 13 வயதுக்குக் கீழே வரி இல்லை, அதிகபட்சம் 7 இரவுக்குத்தான்.

படி 2: பணம் எடுப்பது

விமான நிலையத்தில் நாணயம் மாற்ற வேண்டாம். 'மல்டிபாங்கோ' என்று எழுதிய ஏடிஎம்மைத் தேடுங்கள். நீல நிறத்தில் எம்பி என்ற முத்திரை இருக்கும். வங்கிகளின் வாசலிலேயே இருக்கிறது. சுற்றுலாத் தெருக்களில் பளிச்சென்று நிற்கும் மற்ற இயந்திரங்கள் பலவும் கூடுதல் கட்டணம் வாங்குபவை. திரையில் 'ரூபாய்க்கணக்கில் எடுக்கவா, யூரோவிலா' என்று கேட்டால் எப்போதும் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், அது உங்களுக்கு நஷ்டம். கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே விதிதான்.

படி 3: பயண அட்டை (இதை நிதானமாகப் படியுங்கள்)

முதல்முறை வருகிற பலரும் திணறுகிற இடம் மெட்ரோ நிலைய இயந்திரம். பின்னால் வரிசை நிற்கும், திரையில் பத்து விதமான சீட்டு வரும். முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் இரண்டு நிமிட வேலை.

மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். 'நவெகான்டே' என்ற அட்டையைப் புதிதாக வாங்குங்கள். வெறும் அட்டைக்கு 50 சென்ட். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒன்றை வைத்து இரண்டு பேர் போக முடியாது. பழைய பதிவுகளில் 'விவா வியாஜெம்' என்று எழுதியிருப்பார்கள். அது இதன் முந்தைய பெயர்.

அப்புறம் அதில் என்ன ஏற்றுவது என்று கேட்கும். 'ஸாப்பிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு மாதிரி பணத்தைப் போட்டு வைத்துக்கொண்டு, ஏறும்போதெல்லாம் கழித்துக்கொள்வது. ஆளுக்கு 10 யூரோ போட்டால் சில நாளுக்கு வரும். மெட்ரோ, பேருந்து, டிராம், ஆற்றுப் படகு, சிந்த்ராவுக்கும் கஷ்காய்ஷுக்கும் போகும் புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அட்டை செல்லும். டிராமில் ஏறி ஓட்டுநரிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும்.

இப்போது முக்கியமான விஷயம். அட்டையில் ஸாப்பிங் பணம் மீதி இருக்கும்போது அதே அட்டையில் 24 மணி நேரச் சீட்டை ஏற்ற முடியாது. ஒன்று தீர்ந்த பிறகுதான் மற்றொன்று. 'இன்றைக்கு நிறையச் சுற்றப்போகிறோம், நாள் சீட்டு எடுத்துவிடலாம்' என்று நடுவில் நினைத்தால் இன்னொரு 50 சென்ட் அட்டை வாங்குவதே வழி. இரண்டையும் வைத்திருந்தால் பேனாவால் அடையாளம் போட்டுவிடுங்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ரயிலில் போகும்போது ஏறும் நிலையத்தில் மட்டுமல்ல, இறங்கும் நிலையத்திலும் அட்டையைத் தொட வேண்டும்.

நிதானப் பயணத்துக்கு நாள் சீட்டு தேவையில்லை என்பது என் கருத்து. காசு கட்டியாயிற்றே என்று கால் வலிக்க வலிக்கச் சுற்றச் சொல்லும் சீட்டு அது.

படி 4: மேலே வண்டியில், கீழே நடந்து

ஏழு குன்றுகளின் நகரம் என்று சொல்வார்கள். குன்று ஏறுவதை வண்டியிடம் விட்டுவிடுங்கள். பிராசா ட ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 எண் பேருந்து சாவோ ஜோர்ஜே கோட்டை வரை ஏறும். கோட்டையைப் பார்த்துவிட்டு போர்ட்டாஸ் டோ சோல், சாண்டா லூசியா காட்சி மேடைகள், பிறகு பழைய பேராலயம், கடைசியில் பைஷா என்று இறங்கிக்கொண்டே வரலாம். கால் தாங்கும். நடைபாதை முழுக்க வழுவழுப்பான சிறு சுண்ணாம்புக் கற்கள் பதித்தது, மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள்; செருப்பு வேண்டாம்.

28 எண் மஞ்சள் டிராமில் போக ஆசை எல்லோருக்கும் உண்டு. எல்லோரும் மார்ட்டிம் மொனீஸில் வரிசை நிற்கிறார்கள். நீங்கள் மறுமுனையான காம்போ டி ஒரீக்குக்குப் போய், காலை 8 மணிவாக்கில் ஏறுங்கள். உட்கார இடம் கிடைக்கும். நெரிசலில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், இந்த டிராமில் ஜேப்படி அதிகம்.

*சேர்க்கை: மேட்டில் ஏறும் கேபிள் வண்டிகளில் போகலாமா என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். 2025 செப்டம்பர் 3 அன்று க்ளோரியா கேபிள் வண்டி விபத்தில் 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நகரின் மற்ற கேபிள் வண்டிகளையும் சோதனைக்காக நிறுத்தினார்கள். அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். போகும் வாரத்தில் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள்.*

படி 5: பெலேம், திங்கட்கிழமை தவிர

பெலேம், நகரின் மேற்கே உள்ள ஆற்றோரப் பகுதி. அங்கிருக்கும் ஜெரோனிமோஸ் மடம் திங்கட்கிழமை மூடியிருக்கும். காயிஸ் டோ சொட்ரேவிலிருந்து 15 எண் டிராம் போகிறது, ஆனால் கூட்டத்தில் நிற்க வேண்டும். பக்கத்திலேயே கஷ்காய்ஷ் ரயில் கிளம்பும். சில நிமிடங்களில் பெலேம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

மடத்துத் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. எதிர்ப்பக்கம் கவிஞர் கமோயின்ஷ் கல்லறை. கடலோடிகள் கிளம்பிய கரை இது. 1554இல் இதே லிஸ்பனில்தான், ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட முதல் நூல் வெளிவந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வேலை செய்த பாதிரியார்களின் தேவைக்காக உருவான நூல். அதை அம்மாவிடம் சொன்ன பிறகு, அவர் அந்தக் கற்றூண்களை வேறு விதமாகப் பார்த்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் 1837இலிருந்து இயங்கும் பெலேம் பேஸ்ட்ரிக் கடை. வாசலில் தெருவரை நீளும் வரிசை, பொட்டலம் கட்டி வாங்குகிறவர்களுடையது. உட்கார்ந்து சாப்பிட உள்ளே அறை அறையாகப் பெரிய இடம் இருக்கிறது. அதன் வழியைக் கேட்டு உள்ளே போங்கள். சூடாக வரும். மேலே பட்டைத்தூள் தூவிக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பது முட்டை மஞ்சள்கரு, முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்கவும்.

படி 6: உணவகத்தில் உட்கார்ந்ததும்

நீங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சில சமயம் பாலாடைக்கட்டி மேசைக்கு வரும். இது இலவசம் இல்லை. பெயர் 'கூவெர்'. தொட்டால் பில்லில் சேரும். வேண்டாமென்றால் புன்னகையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். கேட்காததற்கும் தொடாததற்கும் பணம் வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. ஆலிவ் நன்றாக இருக்கும், நான் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவேன்.

மதியம் 12 முதல் 3 வரை சிறிய கடைகளில் 'பிராட்டோ டோ டியா' கேளுங்கள். அன்றைக்குச் சமைத்த சாப்பாடு, விலையும் குறைவு. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு உப்பிட்டு உலர்த்திய காட் மீனான பக்கல்யாவ், ஜூனில் கரியில் சுட்ட மத்தி. காரம் வேண்டுமா, பிரி-பிரி கோழி.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'கால்டோ வெர்டே' பச்சைக்கீரை சூப்தான், ஆனால் மேலே பன்றித் தொத்திறைச்சித் துண்டு போடுவார்கள். காய்கறி சூப்பும் இறைச்சிச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். 'செங் கார்னி, செங் பெய்ஷி' என்று சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். மார்ட்டிம் மொனீஸ் சுற்றுவட்டாரத்தில் தெற்காசியக் கடைகள் நிறைய உண்டு. அரிசி, பருப்பு, பச்சைமிளகாய் எல்லாம் கிடைக்கும். அம்மாவுக்காகச் சமையலறை உள்ள அறை எடுத்தது பெரிய நிம்மதி. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

படி 7: சிந்த்ரா, ஒரு நாளுக்கு ஒரே அரண்மனை

ரொசியோ நிலையத்திலிருந்து ரயில், 40 நிமிடம். பெனா அரண்மனையின் உட்பகுதிக்கு நேரம் குறித்த சீட்டு, இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். சீட்டில் போட்டிருக்கும் நேரம் அரண்மனை வாசலுக்குரியது, பூங்கா வாசலுக்கு அல்ல. பூங்கா வாசலிலிருந்து மேடேறி நடக்க அரை மணி வரை ஆகும். நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். சிந்த்ரா நிலையத்திலிருந்து அரண்மனைக்கு மேலேறும் 434 பேருந்துக்கும் வரிசை இருக்கும். 11 மணிச் சீட்டென்றால் 9 மணிக்கே லிஸ்பனில் ரயிலேறிவிடுங்கள். ரெகலெய்ரா மாளிகையின் சுழல் கிணறும் அழகுதான். அதற்கு இன்னொரு நாள் வாருங்கள்.

படி 8: வாங்குவதும் வரியைத் திரும்பப் பெறுவதும்

செவ்வாய், சனிக்கிழமைகளில் சாண்டா க்ளாரா திடலில் ஃபெய்ரா ட லாட்ரா சந்தை. பழைய பீங்கான், செம்புப் பாத்திரம் வாங்கலாம். அஸுலேஜு என்ற பழைய வண்ணச் சுவர் ஓடுகளை மட்டும் வாங்காதீர்கள். வீட்டுச் சுவர்களிலிருந்து பெயர்த்துத் திருடியவையும் சந்தைக்கு வருகின்றன. ஆசையாக இருந்தால் புதிதாகச் செய்த ஓடு வாங்குங்கள். கார்க் பைகள் எடையே இல்லாதவை, பரிசுக்கு நல்லது. புத்தகப் பிரியர்கள் ஷியாடோ பகுதியில் 1732இல் தொடங்கிய பெர்ட்ராண்ட் கடைக்குள் நுழையாமல் வராதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள், ஒரே கடையில் வரி நீங்கலாக 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான பொருட்களுக்கு வரி 23 சதவீதம், ஆகவே பில் 61.50 யூரோவைத் தாண்ட வேண்டும். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள், பிறகு கேட்டால் சிரமம்.

விமான நிலையத்தில் வரிசை முறை முக்கியம். பெட்டியை ஒப்படைக்கும் முன் இ-டாக்ஸ்ஃப்ரீ இயந்திரத்தில் படிவத்தைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். சில சமயம் சுங்க அதிகாரியிடம் போகச் சொல்லும். அவர் பொருளைப் பார்க்கக் கேட்பார். பெட்டி போய்விட்டால் காட்ட எதுவும் இருக்காது.

*சேர்க்கை: பாரிஸ் அல்லது பிராங்க்பர்ட் வழியாகத் திரும்பினால் வரிப் படிவத்துக்குச் சுங்க முத்திரை எங்கே வாங்குவது என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருள் கைப்பையில் இருந்தால், ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில்தான் சுங்க முத்திரை. மது பாட்டிலும் எண்ணெயில் போட்ட மீன் டின்களும் கைப்பையில் வேண்டாம். திரவ விதியில் மாட்டும். பதிவு முடிந்ததும் அவற்றைப் பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வைத்து ஒப்படையுங்கள்.*