கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டவில்லையா? கனெக்டரைக் கழற்றாமல் அளந்து பாருங்கள்

ஏசி போட்டதும் பானட்டுக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் ஒட்டுகிற சத்தம் அது. அது வரவில்லை என்றால் உடனே கம்ப்ரசரைக் குறை சொல்லாதீர்கள். (கிளட்சே இல்லாத கம்ப்ரசர்களும் உண்டு. அவற்றுக்கு இந்த வழி பொருந்தாது.)

என் காரில் ஒரு தடவை கிளட்ச் காயிலை (தட்டை இழுக்கும் மின்காந்தச் சுருள்) மாற்றியும் பலன் இல்லை. கழற்றிய கனெக்டரில் அளந்தபோது 13.8 வோல்ட் காட்டியதுதான் என்னைக் குழப்பிவிட்டது. மின்னோட்டம் இல்லாதபோது அரித்துப்போன வயரும் முழு வோல்டேஜ் காட்டும். காயில் 3, 4 ஆம்பியர் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் கனெக்டரை மாட்டியபடியே, அதன் பின்பக்கத்தில் மெல்லிய பின்களைச் செருகி, காயிலின் இரண்டு வயர்களுக்கும் நடுவே அளந்தேன். வெறும் 8.9!

மீதி எங்கே போனது? மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பைக் காயிலின் எர்த் பக்கத்திலும் வைத்தேன். 4.9 வோல்ட். அங்கே 0.2-க்கு மேல் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். எர்த் போல்ட்டைக் கழற்றினால், வளையம் முழுக்கப் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கியதும் 0.1-க்கு இறங்கியது, கிளட்சும் ஒட்டியது. பழைய காயிலில் குறையே இல்லை.

இப்படி அளக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். சட்டைக் கையும் மீட்டர் வயரும் பெல்ட் பக்கம் போகவே கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும்.

வோல்டேஜே வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே (கிளட்சுக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன மின்சுவிட்ச்). ஹாரன் ரிலே அதே வகையாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் சரி என்றால் பிரஷர் சுவிட்ச். கேஸ் குறைந்தால் அது சர்க்யூட்டைத் துண்டித்துவிடும். அது அதன் வேலை. அதை வயர் போட்டு இணைத்து ஓட்டாதீர்கள், தயவுசெய்து. ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் உள்ளுக்குள் தேய்ந்துபோகும்.

வோல்டேஜ் முழுதாக வந்தும் ஒட்டவில்லையா? இன்ஜினை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, காயிலின் ஓம் (மின்தடை) பாருங்கள். பெரும்பாலும் 3 முதல் 5 வரை இருக்கும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. ஓமும் சரி, குளிர்ந்த வண்டியில் ஒட்டுகிறது, சூடேறினால்தான் மறுக்கிறது என்றால் கிளட்ச் தட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். சூட்டில் காயிலின் ஓம் ஏறும், காந்தம் பலம் குறையும். தேய்ந்து விலகிய தட்டை அந்தக் காந்தத்தால் இழுக்க முடியாது.