அழிப்பு மென்பொருளுக்குப் பிறகு ஹார்டு டிஸ்க் தகராறா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நீக்கிய கோப்புகளை மீட்க முடியாதபடி, அவை இருந்த இடத்தில் வேறு தரவை மேலெழுதுவதுதான் அழிப்பு மென்பொருளின் வேலை. அப்படிக் காலி இடத்தைத் துடைப்பதைப் பாதியில் நிறுத்துவதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது. இந்த மென்பொருள்கள் டிஸ்க்கில் மிச்சமிருக்கும் இடம் முழுவதையும் அடைக்கும்படி தற்காலிகக் கோப்புகளை எழுதும்; முடிந்ததும் நீக்கிவிடும். நேரமாகிறதே என்று நடுவில் மூடினாலோ, கரன்ட் போனாலோ, அந்தக் கோப்புகள் அப்படியே தங்கிவிடும். சி டிரைவ் சிவப்பாகி, கணினி ஊர்ந்து போகும். இதற்காக விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டாம். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லித் தேடினால், பல ஜிபி அளவில் அந்த மிச்சம் கிடக்கும். விண்டோஸோடு வரும் சைஃபர் கட்டளையை ஓட்டியிருந்தால், கோப்புறையின் பெயர் இஎஃப்எஸ் (EFS) என்று தொடங்கும். அதை நீக்கினால் போதும்.

டிபான் (DBAN) போன்ற அழிப்பு மென்பொருளால் முழு டிஸ்க்கையும் துடைத்தவர்களின் பயம் வேறு. டிரைவே கண்ணில் படாது. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோப்புகளோடு, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையும் அழிந்திருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'நாட் இனிஷியலைஸ்டு' (இன்னும் தயார் செய்யப்படாதது) என்று அது காத்திருக்கும். அங்கே ஜிபிடி (GPT) என்ற அட்டவணை முறையைத் தேர்ந்தெடுத்துப் புது வால்யூம் உருவாக்குங்கள். பழைய எம்பிஆர் (MBR) முறையில் வழக்கமாக 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாது.

ஆனால் தவறான டிரைவை அழிக்கத் தொடங்கி, பதறிப்போய் நிறுத்தியிருந்தால்? அப்போது விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். சரிசெய்யும் நினைப்பில், விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கட்டளையான செக்டிஸ்க்கும் (chkdsk) ஓட்டாதீர்கள். அது கோப்பு அமைப்பையே மாற்றி எழுதும். டிரைவை உடனே கழற்றி வையுங்கள். மேலெழுதப்பட்ட பகுதியை மீட்க வழியில்லை. அந்தப் பகுதியை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். துடைப்பு இன்னும் தொடாத பகுதியில் உள்ளவை கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்கும், கழற்றிய டிரைவை வேறு டிஸ்க்கில் முழுமையாக நகல் எடுத்து, அந்த நகலில்தான் தேட வேண்டும்.

துடைத்த பிறகு டிரைவ் நிஜமாகவே மெதுவாகிவிட்டதா? கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (CrystalDiskInfo) என்ற மென்பொருளில், டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் (SMART) அட்டவணையைப் பாருங்கள். 05, சி5 (C5), சி6 (C6) எண்களில் மதிப்பு ஏறிக்கொண்டே போனால் செக்டர்கள், அதாவது தரவு பதியும் சிறு பகுதிகள், கெட்டு வருகின்றன. டிரைவை மாற்ற வேண்டியதுதான். சி7 (C7) மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். பழைய டிஸ்க்கில் முதல் கோளாறு துடைக்கும்போதுதான் தெரிய வரும், ஏனென்றால் வருடக்கணக்கில் தொடாத செக்டர்களும் அன்றுதான் எழுதப்படுகின்றன. இதனால் 35 முறை மேலெழுதும் 35 சுற்றுத் துடைப்பெல்லாம் வேண்டாத சுமை. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996-இல் அதை எழுதியது அன்றைய டிஸ்க்குகளுக்காக. இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு சுற்று போதும்.

எஸ்எஸ்டிக்கு மேலெழுதும் முறையே சரிப்படாது. எழுதுவதை அது எந்த செல்லில் வைக்கிறது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அதற்கு, டிரைவே தன்னை அழித்துக்கொள்ளும் செக்யூர் இரேஸ் கட்டளைதான் வழி. சாட்டா (SATA) இணைப்புள்ள எஸ்எஸ்டியில் அதற்கு முன் ஒரு கடவுச்சொல் வைக்க வேண்டியிருக்கும். நடுவில் நின்றுபோனால் டிரைவ் பூட்டியே கிடக்கும். எனவே அந்தக் கடவுச்சொல்லை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.